விதைநெல்லை விற்ற கழகம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. கிரிக்கெட் இல்லை, அரசியலும் இல்லை. கூடைப்பந்து. நேரம் இருக்கிறவர்கள் ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. நியூ ஓர்லியன்ஸ் பெலிக்கன்ஸ் கழகம் தன் பயிற்றுவிப்பாளர் வில்லி கிரீனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அமெரிக்க என்.பி.ஏ. தொடரின் 2025-26 பருவத்தில் அதுவரை 12 ஆட்டம் ஆடியிருந்தார்கள். வெற்றி 2, தோல்வி 10. முதல் ஆறு ஆட்டமும் வரிசையாகத் தோல்வி. போன பருவமாவது நல்லதா என்றால், 82 ஆட்டத்தில் 21 வெற்றி, 61 தோல்வி. இடைக்காலப் பயிற்றுவிப்பாளராக ஜேம்ஸ் பொரேகோ வந்தார்.

"இனியாவது வெல்லுவாங்களா சேர்?" என்று எங்கட பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் இந்தக் கழகத்தின் ரசிகன் என்பது பாடசாலையில் எல்லோருக்கும் தெரிந்த பகிடி. என் பதில் இதுதான்: கிரீன் பெரிய மேதை இல்லை, ஆனால் இந்தப் பருவம் நாசமானது அவரால் இல்லை. பருவம் தொடங்க நான்கு மாதத்துக்கு முன்னமே, ஜூன் 25ஆம் திகதி இரவு, இந்தக் கழகம் தன் விதைநெல்லை விற்றுவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். வந்தாறுமூலையில் இருக்கிற ஒரு வாத்தியாருக்கு நியூ ஓர்லியன்ஸ் எதற்கு? லேக்கர்ஸ் இருக்கிறது, கோல்டன் ஸ்டேட் இருக்கிறது, வெல்லுகிற கழகம் எத்தனையோ இருக்கிறது.

காரணம் மட்டக்களப்புதான். எங்கட மாவட்டத்தில் கூடைப்பந்து எப்படி வேரூன்றியது என்று கேட்டுப் பாருங்கள். 1940களின் பிற்பகுதியில் இருந்து இங்கே வந்த அமெரிக்க இயேசு சபைக் குருமாரின் பெயரைத்தான் பெரியவர்கள் சொல்லுவார்கள். அவர்கள் அமெரிக்காவின் ஏதோ ஒரு மூலையில் இருந்து வந்தவர்கள் இல்லை. அந்தச் சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தவர்கள். மட்டக்களப்பு நகரத்தில் வெபர் மைதானம் என்று சொல்லுகிறோமே, அந்த வெபர் பாதிரியார் அவர்களில் ஒருவர். இன்னொருவர் யூஜின் ஹேபர்ட் பாதிரியார். லூசியானாவில் ஜெனிங்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். மிக்கேல் கல்லூரி என்றால் கூடைப்பந்து என்று இலங்கை முழுக்கப் பேர் வந்ததற்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் ஹேபர்ட் பாதிரியார் காணாமல் போனார். கூட வந்த தமிழ் இளைஞரும் காணாமல் போனார். இருவரின் உடலும் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த ஓகஸ்ட் எப்படிப்பட்ட மாதம் என்று எங்கட பக்கத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊருக்கும் அந்த மாதத்தில் ஒரு திகதி இருக்கிறது. வாழைச்சேனையில் இருந்து நகரத்துக்குப் போகிற பிரதான வீதி எங்கட வந்தாறுமூலையை ஊடறுத்துத்தான் போகிறது. அந்த வீதியில்தான் நான் தினமும் பாடசாலைக்குப் போகிறேன்.

ஆக, லூசியானாவுக்கும் இந்த வாவிக்கரைக்கும் இடையில் ஒரு கடன் இருக்கிறது என்பது என் எண்ணம். அதை நான் காலை ஆறரை மணிக்குக் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு அடைக்கிறேன். அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் இங்கே நமக்குக் காலை 6.30. பாடசாலை நாட்களில் பார்க்கக் கிடையாது. உயர்தரப் பரீட்சை விடுமுறை வந்ததால் இந்த முறை தோல்விகளை நேரடியாகவே பார்க்கிற பாக்கியம் கிடைத்தது. இன்னொரு சின்னப் பொருத்தமும் உண்டு. பெலிக்கன் என்றால் கூழைக்கடா. அது லூசியானா மாநிலத்தின் பறவை. அங்கே இருப்பது பழுப்பு நிறம், எங்கட வாவியில் நிற்பது சாம்பல் நிறம். குடும்பம் ஒன்று.

இனி விதைநெல் கதைக்கு வருகிறேன்.

கூடைப்பந்து தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். என்.பி.ஏ.யில் 30 கழகங்கள். ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வருகிற இளம் வீரர்களை அந்தக் கழகங்கள் வரிசை முறையில் தெரிவு செய்யும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். வரிசையில் யார் முன்னுக்கு? போன பருவத்தில் மோசமாகத் தோற்றவர்கள். வேண்டுமென்று தோற்றுவிடக்கூடாது என்பதற்காக ஒரு லொத்தரும் வைத்திருக்கிறார்கள். 2025இல் கடைசி மூன்று கழகங்களுக்கும் முதலிடம் கிடைக்க ஆளுக்கு 14 வீத வாய்ப்பு இருந்தது. அதற்கு மேலே போகப்போக வாய்ப்புக் குறையும். 2019இல் பெலிக்கன்ஸுக்கு 6 வீத வாய்ப்புத்தான் இருந்தது, ஆனாலும் முதலிடம் விழுந்தது.

ஆசிரியனாக எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை. நம்ம நாட்டில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் ஒரு கிராமத்துப் பிள்ளை நல்ல புள்ளி எடுத்தால், அந்தப் பிள்ளை நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போகும். பிள்ளையைக் குறை சொல்லமாட்டேன், தாய் தகப்பனையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஏற்கெனவே வென்றுகொண்டிருக்கிற பாடசாலைக்கு இன்னும் நல்ல பிள்ளைகள் போகிறார்கள். ஐந்து வருடம் அந்தப் பிள்ளைக்கு எழுத்துப் பழக்கிய சின்னப் பாடசாலைக்கு ஒரு வாழ்த்து பதாதை மிஞ்சுகிறது. பணக்காரர்களின் விளையாட்டு என்று நாம் நினைக்கிற என்.பி.ஏ. இதைத் தலைகீழாகச் செய்கிறது. கடைசி வாங்கில் இருக்கிறவன் முதலில் தெரிவு செய்யட்டும் என்கிறது. தோற்றவனுக்கு அந்த ஆட்டத்தில் இருக்கிற ஒரே உரிமை அதுதான்.

அந்த உரிமையைத்தான் பெலிக்கன்ஸ் விற்றது.

நடந்தது இதுதான். 2025 டிராஃப்டில் அவர்கள் ஏழாம் இடத்தில் ஜெரமையா ஃபியர்ஸ் என்ற பையனை எடுத்தார்கள். நல்ல தெரிவு. பிறகு 13ஆம் இடத்தில் இருந்த அட்லாண்டா கழகத்தோடு பேசி, அந்த இடத்தை வாங்கி டெரிக் குவீன் என்ற உயரமான வீரரை எடுத்தார்கள். விலை: தங்களுடைய 23ஆம் இடமும், 2026ஆம் ஆண்டின் முதற்சுற்று இடமும். 2026இல் பெலிக்கன்ஸின் இடம், மில்வோக்கியின் இடம் இரண்டில் எது சிறந்ததோ அது அட்லாண்டாவுக்கு. அதில் ஒரு பாதுகாப்பு நிபந்தனையும் போடவில்லை. "முதல் நான்கு இடத்துக்குள் விழுந்தால் எங்களுக்கே" என்று ஒரு வரி சேர்ப்பது இந்த வியாபாரத்தில் சாதாரண விசயம். அந்த வரிகூட இல்லை.

21 ஆட்டம் மட்டும் வென்ற கழகம் அடுத்த வருட விளைச்சலை முற்பணத்துக்குக் கொடுத்துவிட்டது. அதுவும் 2026 டிராஃப்டில் டாரின் பீட்டர்சன், ஏ.ஜே. டிபன்ட்சா, கமரூன் பூசர் என்று மூன்று பெரிய பெயர்கள் வருகின்றன என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில். இப்போது நாங்கள் ஒவ்வொரு முறை தோற்கும்போதும் அட்லாண்டா ரசிகன் சந்தோசப்படுகிறான். எங்கட பக்கத்து விவசாயிகளுக்கு இது உடனே விளங்கும். பெரும்போகத்துக்கு வயல் விதைக்கிற காலம் இது. கையில் காசில்லை என்று விதைநெல்லைக் கொடுத்தவன் தை மாதத்தில் வரம்பில் நின்று பார்க்க என்ன இருக்கும்?

இதில் என்னை உண்மையில் கோபப்படுத்துவது, இதே நகரம் இதே தவறை ஒருமுறை செய்து அதற்கு விலையும் கொடுத்திருக்கிறது என்பதுதான். 1974இல் நியூ ஓர்லியன்ஸுக்கு ஜாஸ் என்று ஒரு கழகம் வந்தது. 1976இல் அவர்கள் கெயில் குட்ரிச் என்ற பெயர்பெற்ற வீரரை லேக்கர்ஸிடமிருந்து எடுத்தார்கள். வயது 33. அவருக்கு ஈடாகக் கொடுத்தவற்றில் 1979ஆம் ஆண்டின் முதற்சுற்று இடமும் ஒன்று. குட்ரிச் காயப்பட்டு முதல் பருவத்தில் 27 ஆட்டம்தான் ஆடினார். 1978-79 பருவத்தில் ஜாஸ் 26 ஆட்டம் வென்று கடைசி இடத்துக்கு வந்தது. அந்த நாளில் லொத்தர் இல்லை, நாணயச் சுழற்சி. அதில் வென்ற லேக்கர்ஸ், ஜாஸ் கொடுத்த இடத்தை வைத்து யாரை எடுத்தது தெரியுமா? மேஜிக் ஜோன்சனை. அவர் லேக்கர்ஸுக்கு ஐந்து கிண்ணம் வென்று கொடுத்தார். ஜாஸ் கழகமோ அதே 1979இல் நியூ ஓர்லியன்ஸை விட்டு யூட்டாவுக்குப் போய்விட்டது. கூடைப்பந்து இல்லாமல் அந்த நகரம் 23 வருடம் இருந்தது. 2002இல் ஹோர்னெட்ஸ் வந்தபிறகுதான் திரும்பவும் கூடைப்பந்து. அந்தக் கழகம்தான் 2013இல் பெலிக்கன்ஸ் என்று பெயர் மாறியது.

இப்போது பொறுப்பில் இருப்பவர் ஜோ டூமார்ஸ். லூசியானாக்காரர். 2025 ஏப்ரலில் பதவிக்கு வந்தார். அவருக்கு நியாயம் செய்யவேண்டும் என்றால் இரண்டு பக்கமும் சொல்லவேண்டும். வீரராக டெட்ராயிட்டுக்கு 1989இலும் 1990இலும் கிண்ணம் வென்றவர். நிர்வாகியாக 2004இல் அதே டெட்ராயிட்டுக்குக் கிண்ணம் வென்று கொடுத்தவர். அந்த அணியில் பென் வோலஸ் டிராஃப்டில் யாருமே எடுக்காத வீரர், சோன்சி பில்லப்ஸ் கழகம் கழகமாக அலைந்தவர். ஆனால் 2003 டிராஃப்டில் இரண்டாம் இடத்தில் கார்மெலோ அந்தனி, கிறிஸ் போஷ், டுவெய்ன் வேட் எல்லோரையும் விட்டுவிட்டு டார்கோ மிலிசிச்சை எடுத்தவரும் இவர்தான். ஆகவே "அவருக்குத் தெரியாததா?" என்று வாயை மூடிக்கொள்ளவும் முடியாது, "அவருக்கு ஒன்றும் தெரியாது" என்று திட்டவும் முடியாது.

அவசரம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்கு விளங்குகிறது. இந்த நகரம் நட்சத்திரங்களை இழந்து பழகிப்போன நகரம். கிறிஸ் போல் இருந்தபோது 2008இல் 56 ஆட்டம் வென்று டலஸை வீழ்த்தி இரண்டாம் சுற்றுக்குப் போனார்கள். 2011இல் அவர் போய்விட்டார். 2012இல் முதல் தெரிவாக அந்தனி டேவிஸ் வந்தார். 2019 ஜனவரியில் "என்னை மாற்றுங்கள்" என்று கேட்டார். லேக்கர்ஸுக்குப் போய் அடுத்த வருடமே கிண்ணம் வென்றார். அதே 2019இல் சயன் வில்லியம்சன் வந்தார். என் கண்ணால் பார்த்த வீரர்களில் அவரைப்போல் ஒரு உடம்பும் ஒரு பாய்ச்சலும் நான் பார்த்ததில்லை. ஆனால் முதல் ஆறு பருவத்தில் கழகம் ஆடிய 472 ஆட்டத்தில் அவர் ஆடியது 214. பாதிகூட இல்லை. 2021-22 பருவம் முழுக்க ஒரு ஆட்டமும் இல்லை. 2024 ஏப்ரலில் லேக்கர்ஸுக்கு எதிராக 40 புள்ளி எடுத்து, ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் காயப்பட்டு உள்ளே போனார். அன்று காலை நான் டீயைக் குடிக்கவே இல்லை. 2025-26 பருவத்திலும் நவம்பர் தொடக்கத்திலேயே தொடைத்தசைக் காயம்.

இப்படி ஒன்றுக்குப் பின் ஒன்றாக இழந்தவன் குறுக்குவழி தேடுவான். அது மனித இயல்பு. ஆனால் புரிந்துகொள்வது வேறு, சரி என்று சொல்வது வேறு. வீட்டில் கஷ்டம் என்று பிள்ளையைப் பாடசாலையில் இருந்து நிற்பாட்டுகிற தகப்பனையும் எனக்குப் புரியும். அதற்காக "சரி வாப்பா, நிற்பாட்டுங்க" என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, போனது போய்விட்டது. இனி என்ன நம்பிக்கை?

இந்த இடத்தில் நான் பல ரசிகர்களோடு முரண்படுகிறேன். "இந்தப் பருவம் வீண்" என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மோசமான கழகங்களுக்கு என்.பி.ஏ.யில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மார்ச் மாதம் வந்தால் நல்ல வீரர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு, டிராஃப்ட் இடத்துக்காகத் தோற்கத் தொடங்குவார்கள். பெலிக்கன்ஸுக்கு அந்தச் சபலமே இப்போது இல்லை. தோற்றால் ஒரு சதமும் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு ஆட்டத்தையும் வெல்வதற்காக ஆடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலையே இல்லை. இளம் வீரர்கள் வளர இதைவிட நல்ல வகுப்பறை எது?

பிள்ளைகளும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். 2025 நவம்பரில் ஃபியர்ஸுக்கு 19 வயது. பயமில்லாமல் உள்ளே நுழைகிறான், பந்தையும் தொலைக்கிறான், அடுத்த முறை திரும்பவும் நுழைகிறான். அப்போது குவீனுக்கு 20 வயது. பெரிய உடம்பு, ஆனால் பந்து கொடுக்கிற கை மென்மையானது. அவனை வாங்கிய விலைதான் பிழை. விலைக்காக அந்தப் பையனை யாரும் திட்டக்கூடாது. அவன் தன்னை விற்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அப்போது இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ட்ரே மர்பி 2021 டிராஃப்டில் 17ஆம் இடம். ஹேர்ப் ஜோன்ஸ் அதே வருடம் இரண்டாம் சுற்றில் 35ஆம் இடம். 2024இல் அவர் முழுத் தொடரின் சிறந்த தடுப்பாட்ட ஐவரில் ஒருவராகத் தெரிவானார். ஹொசே அல்வராடோவை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. ஆறடி உயரம். எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு புறப்படும்போது மூலையில் பதுங்கி நின்று, பின்னால் வந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுவார். எங்கட பிள்ளைகளுக்கு அந்த வீடியோவைக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், பிறகு மைதானத்தில் அதையே செய்து பார்க்கிறார்கள்.

இந்த மூவரும் புதுமுகங்களாக இருந்த 2021-22 பருவம் எப்படித் தொடங்கியது என்று ஞாபகம் இருக்கிறதா? 1 வெற்றி, 12 தோல்வி. 2025-26 தொடக்கத்தைவிட மோசம். சயன் இல்லவே இல்லை. பயிற்றுவிப்பாளர், இப்போது நீக்கப்பட்ட அதே வில்லி கிரீன், அவருக்கும் அது முதல் வருடம். அந்தக் கழகம் தகுதிச் சுற்றில் சான் அன்டோனியோவையும் கிளிப்பர்ஸையும் வென்று இறுதிக்கட்டத் தொடருக்குள் நுழைந்தது. அங்கே பீனிக்ஸிடம் ஆறு ஆட்டத்தில் தோற்றார்கள், ஆனால் இரண்டை வென்றார்கள். அதில் ஒரு ஆட்டத்தில் கிறிஸ் போல் எட்டு விநாடிக்குள் பந்தை அரைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக முடியாமல் அல்வராடோ மறித்துவிட்டார். நியூ ஓர்லியன்ஸை விட்டுப்போன பெரிய நட்சத்திரத்தை, யாரும் எடுக்காத ஒரு பையன் நியூ ஓர்லியன்ஸ் அரங்கிலேயே நிறுத்தினான். அந்த ஒரு காட்சிக்காக நான் இன்னும் பத்து வருடம் தோல்வி பார்ப்பேன்.

அந்தப் பருவத்தைத் தந்தது விலைக்கு வாங்கிய நட்சத்திரம் மட்டும் இல்லை. நல்ல கண் வைத்துத் தேடியதும், கிடைத்த பிள்ளைகளுக்குப் பொறுமையாகப் பழக்கியதும்தான் அதற்கு அடித்தளம். ஆகவே ஒரு சாதாரண ரசிகனாக நான் அந்தக் கழகத்திடம் கேட்பது மூன்று.

ஒன்று, இனி ஒரு டிராஃப்ட் இடத்தையும் விற்காதீர்கள். விற்கத்தான் வேண்டும் என்றால் பாதுகாப்பு நிபந்தனை இல்லாமல் விற்காதீர்கள்.

இரண்டு, பதற்றத்தில் ஹேர்ப் ஜோன்ஸையும் ட்ரே மர்பியையும் கொடுத்து வயதுபோன நட்சத்திரம் வாங்காதீர்கள். குட்ரிச் கதை ஒருமுறை போதும்.

மூன்று, ஃபியர்ஸையும் குவீனையும் பிழைவிட விடுங்கள். பந்தைத் தொலைத்த உடனே வாங்கில் உட்காரவைத்தால் பிள்ளை பந்தைத் தொலைக்காமல் இருக்கப் பழகும், ஆடப் பழகாது. வகுப்பில் கணக்குப் பிழைவிட்டவுடன் அழிறப்பரைப் பறிக்கிற ஆசிரியரிடம் பிள்ளை கணக்குப் படிக்கிறதில்லை. இது பன்னிரண்டு வருட அனுபவம்.

கடைசியாக, "தோற்கிற கழகத்தை ஏன் சேர் பிடிச்சிருக்கீங்க?" என்று கேட்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும். லூசியானாவில் இருந்து வந்த அந்த மனிதர்கள் இந்த வெயிலிலும் மழையிலும் எங்கட பெரியவர்களுக்குக் கூடைப்பந்து பழக்கியபோது, முதல் வருடமே யாரும் கிண்ணம் தூக்கவில்லை. அவர்கள் வருடக்கணக்கில் இங்கேயே இருந்தார்கள். ஒருவர் போகவே இல்லை. அவர்களுடைய ஊர்க் கழகம் ஒரு கெட்ட பருவம் ஆடுகிறது என்பதற்காக நான் ஜேர்சியை மாற்றினால் அது எனக்கு அழகில்லை.

பாடசாலை திறந்ததும் பழைய வளையத்துக்கு ஒரு புது வலை கட்டவேண்டும். நைலோன் கயிறு இருக்கிறவர்கள் சொல்லுங்கள், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். பெலிக்கன்ஸ் இந்தப் பருவத்தில் 30 ஆட்டம் வென்றால், இன்ஷா அல்லாஹ், முழு வகுப்புக்கும் ஐஸ்கிறீம் என் செலவு. பிள்ளைகள் இப்போதே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.